பின்வரிசையில் நின்றவர்

கண்ணக்காவின் தம்பி புதுக் கேமரா வாங்கி வந்த அன்று அவன் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே பெரிய பேச்சுதான். அவன் சாலை போடுகிற கம்பெனியில் எஞ்சினியர். சிகரெட் கிடையாது, குடி கிடையாது. மனுஷனுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கிறுக்கு வளர்ந்தது. அலமாரியில் போர்வை வைக்கிற தட்டை லென்ஸ்கள் பிடித்துக்கொண்டன. அவற்றுக்கு ஈரம் படக்கூடாது என்று மின்சாரத்தில் ஓடுகிற ஒரு தனிப் பெட்டி வந்து இறங்கியபோதுதான், "என் துணிமணிக்கு இப்படி ஒரு பெட்டி உண்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தம்பி கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவை பார்க்கப் போய்விட்டான்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். படம் நன்றாகவே எடுப்பான். மீன்கொத்தி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்புகிற படம் ஒன்று எடுத்திருந்தான். அதன் அலகிலிருந்து தெறிக்கிற துளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். படம் எடுப்பவர்கள் சங்கத்தில் அதற்குப் பரிசு கொடுத்தார்கள். அலுவலகத்தில் பார்த்தவர்கள் எல்லாம், "நீங்க ஏன் சார் இதையே தொழிலா பண்ணக் கூடாது?" என்று கேட்டார்கள். ஒரு மனுஷனைக் கெடுப்பதற்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது. கேட்டவர்கள் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். கேட்கப்பட்டவன் அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிவான்.

தம்பிக்கு ஒரே ஓர் இடைஞ்சல். அதையே தொழிலாகப் பண்ணுகிற ஆள் வீட்டிலேயே இருந்தாள். கூடப் பிறந்த அக்கா.

மருந்துக் கடைக்கு மேலே மாடியில் அவளுடைய ஸ்டூடியோ. படியேறினால் ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, நாலு நாற்காலி, அதைத் தாண்டித் திரை போட்ட அறை. அந்த வட்டாரத்தில் அவளைக் கண்ணக்கா என்றால்தான் தெரியும். கூட்டமாக நிற்க வைத்துப் படம் எடுக்கும்போது, "கண்ணு! ரெண்டாவது வரிசை, மீசைக்காரர், கண்ணு!" என்று தெருமுனை வரை கேட்கக் கத்துவாள். அந்தக் கத்தல்தான் பெயராக நின்றுவிட்டது. அவளிடம் அடக்கம், பணிவு இந்த மாதிரி சமாச்சாரமெல்லாம் தேடினாலும் கிடைக்காது. மேடையில் இருக்கிற பெரிய மனிதரையும் பார்த்து, "தொப்பையை உள்ள இழுங்க சார், மூச்சு அப்புறம் விட்டுக்கலாம்" என்பாள். அவரும் இழுப்பார்.

அவளுடைய கேமராவைப் பார்த்தால் தம்பிக்கு எரிச்சலாக இருக்கும். கைப்பிடி ரப்பர் உரிந்துபோய், டேப் சுற்றியிருக்கும். தம்பியின் கேமரா செய்கிற வேலையில் பாதிகூட அது செய்யாது. "அக்கா, இதைத் தூக்கிப் போடேன்" என்று காது புளிக்கச் சொல்லிவிட்டான். அவள் கேட்டால்தானே? அதே மாடலில் பழசாக இன்னொன்றைத் தேடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஒன்று நின்றுவிட்டால் கையைப் பிசையாமல் இன்னொன்றை எடுக்க வேண்டும், எடுக்கிற கைக்குப் பொத்தான்கள் எல்லாம் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அந்தப் பையில் ஊசி நூல் இருக்கும், ஊக்கு இருக்கும், குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை இருக்கும், பசி தாங்காத பெரியவர்களுக்கு பிஸ்கட் இருக்கும். அடையாள அட்டைக்கு எடுக்கிற சின்னப் படத்தில்கூட யாரும் பிடிபட்ட திருடன் மாதிரி இருக்கக் கூடாது என்பாள். அதற்காக ஒரு ஆளைக் கால்மணி நேரம் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பாள். வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். தங்கள் முறை வந்ததும் முணுமுணுப்பு நின்றுவிடும்.

அவள் தொழிலுக்கு வந்த விதம் வேறு. வேதியியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், பிலிம் கழுவிப் பிரிண்ட் போடுகிற கடை ஒன்றில் சேர்ந்தாள். படங்களை உறையில் போட்டுக் கவுண்டரில் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஊரார் எடுத்த படங்களில் பாதி பாழ். தலை வெட்டுப்பட்டது, இருட்டிப்போனது, பிலிமே சுற்றாமல் விட்டது. வாங்க வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வந்து, அங்கேயே நின்று உறையைப் பிரிப்பார்கள். பிரித்ததும் அவர்கள் முகம் போகிற போக்கை நேருக்கு நேர் பார்க்கிற இடத்தில் அவள் நின்றாள். ஒரு பெண் செத்துப்போன தன் அம்மாவின் கடைசிப் படங்கள் என்று வாங்கிப் பிரித்துவிட்டு, வெறும் சாம்பல் நிறமாக இருந்த தாள்களை ஒன்றன் பின் ஒன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். அக்கா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. படம் எடுக்க வேண்டும் என்கிற ஆசை அவளுக்கு அழகில் தொடங்கவில்லை, அந்தக் கவுண்டரில் தொடங்கியது. தம்பிக்கு இந்தக் கதை தெரியும். கதை தெரிவது வேறு, புரிவது வேறு.

நான் சொல்ல வந்தது பஸ் டிரைவரின் படத்தைப் பற்றி.

ஒரு சனிக்கிழமை காலை. அக்கா பள்ளிக்கூடம் ஒன்றில் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை நிறுத்தி வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு பெண்ணிடமிருந்து போன் வந்தது. அவளுடைய அப்பா பஸ் டிரைவர். வலது தாடையில் கட்டி. புற்று என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், திங்கள் காலை அறுவை சிகிச்சை. அந்தப் பக்கத்துத் தாடை எலும்பையே எடுக்கப் போகிறார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் முகம் பழைய முகமாக இருக்காது, முன் மாதிரி சிரிக்க வராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

"வீட்ல அப்பா படம்னு ஒண்ணு சரியா இல்லக்கா. எங்க போனாலும் அவர்தான் வண்டி ஓட்டுவார், நாங்கதான் படத்துல நிப்போம். இருக்கறதெல்லாம் பாதி முதுகு, பாதி கை. இன்னிக்கு சாயந்திரம் எல்லாரும் வீட்டுக்கு வர்றாங்க. வந்து எடுத்துக் குடுங்கக்கா. அவர் மூஞ்சி வேணும்."

பள்ளிக்கூடத்தில் வேலை முடிய இருட்டிவிடும். கொடுத்த வாக்கை விட்டுவிட்டு ஓட முடியாது. அக்கா தம்பியைக் கூப்பிட்டாள். ஒரு வேலையாவது கொடுத்துப் பாரேன் என்று அவனும் எத்தனையோ நாளாக அவளை நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"மூணு வரிசை வரும்டா. துளையைச் சுருக்கி வை. வெளிச்சம் பத்தலேன்னா என் விளக்கை எடுத்துட்டுப் போ. அழகு பாக்காத. எல்லார் மூஞ்சியும் வேணும்."

"தெரியும்க்கா."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். செய்."

துளை என்றால் லென்ஸுக்குள் இருக்கிற துளை. அகலமாகத் திறந்து வைத்தால் ஒரு முகம் மட்டும் பளிச்சென்று வந்து, அதற்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் வெண்ணெய் மாதிரி உருகிப்போகும். பார்க்க அவ்வளவு அழகு. சுருக்கி வைத்தால் முன்வரிசைக்காரரும் பின்வரிசைக்காரரும் ஒரே தெளிவாக வருவார்கள். கூடவே சுவரில் அடித்த ஆணியும் தெளிவாக வந்து தொலைக்கும். இந்த விஷயத்தை அக்காவைவிடத் தம்பி நன்றாக விளக்குவான். படமே போட்டுக் காட்டுவான். அவனுக்குத் தெரியாமல் நடந்த தப்பு அல்ல இது.

டிரைவர் வீட்டுக் கூடத்தில் போய் நின்றதும் அவன் கண்ணில் பட்டது மேற்கு ஜன்னல். சாயங்கால வெயில் சரிந்து உள்ளே வந்து தரையெல்லாம் பொன்னாகக் கிடந்தது. அக்காவின் விளக்கைப் போட்டால் அந்த வெயில் செத்துப்போகும். அவன் விளக்கைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. உறவுக்காரர்கள் நாற்காலியில் ஒரு வரிசை, நின்று ஒரு வரிசை, பெஞ்சு மேல் ஒரு வரிசை என்று கூடினார்கள். டிரைவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே வந்தார். நடுவில் அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, "நான் நெட்டையன்மா. முன்னாடி உக்காந்தா பின்னாடி இருக்கறவங்களுக்கு நான்தான் செவுரு" என்று சொல்லி, பெஞ்சு மேல் பின்வரிசையில் போய் ஏறி நின்றுகொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

அந்த நாற்காலியில் பேத்தி உட்கார்ந்திருந்தாள். வெயில் அவள் இமை மயிரில் பட்டு மின்னியது. தம்பி துளையை முழுக்கத் திறந்தான். குழந்தையின் கண்ணில் கூர்மையை வைத்து அழுத்தினான். கேமராவின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் பார்த்தால், ஆகா, ஓவியம். பிறகு டீ குடித்துக்கொண்டே, தன் போனில் இருந்த மீன்கொத்தியையும் கொக்கையும் அந்த வீட்டாருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினான். ராத்திரிக்குள் படத்தை மகளின் போனுக்கு அனுப்பியும்விட்டான். குடும்பமே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. "பெருசா போட்டுக் குடுங்க, கூடத்துல மாட்டணும். அப்பா மூஞ்சிய மட்டும் வெட்டித் தனியாவும் ஒண்ணு வேணும்" என்று மகள் எழுதியிருந்தாள்.

ஞாயிறு காலை ஸ்டூடியோவின் பெரிய திரையில் அக்கா படத்தைத் திறந்தாள். பேத்தியின் முகத்தைப் பெரிதாக்கினாள். "அருமைடா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். "நான் எடுத்திருந்தா இந்தக் கண்ணு இப்படி வந்திருக்காது." தம்பிக்கு உச்சி குளிர்ந்தது. அக்கா படத்தை மெல்ல மேலே நகர்த்தினாள். நடுவரிசை கொஞ்சம் மழுப்பல். இன்னும் மேலே போனாள். அங்கே நின்றுவிட்டாள்.

டிரைவரின் முகம், ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரின் முகம் போல இருந்தது. கண் எது, இமை எது என்று பிரியவில்லை. வாய் இருந்த இடத்தில் ஒரு நிழல்.

"வேற இருக்கா?"

"எல்லாம் ஒரே செட்டிங்தான்க்கா."

"அங்கேயே பெருசாக்கிப் பாத்தியா?"

"சின்னத் திரைல நல்லாத்தான் இருந்துச்சு."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திரையையே பார்த்துக்கொண்டு, "அவருக்காகத்தானே படம்? அவர் ஏன் பின்னாடி போய் நின்னார்?" என்று கேட்டாள்.

"நெட்டையா இருக்கேன்னு சொன்னார்."

"கன்னத்தை மறைக்கப் போயிருக்கார்டா."

தம்பிக்கு அந்தக் கூடத்தில் தான் வெயிலைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, குழந்தையின் இமையைப் பார்த்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த மனிதரின் கை கன்னத்தில் இருந்ததையும் பார்த்தான்தான். பார்த்து, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் எஞ்சினியர் அல்லவா, அவ்வளவு சீக்கிரம் கையைத் தூக்குவானா? மங்கிய முகத்தைத் தெளிவாக்குகிற மென்பொருள் ஒன்று அவனிடம் இருந்தது. மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். மத்தியானத்துக்குள் ஒரு முகத்தைக் கொண்டுவந்துவிட்டான். கண்ணில் ஒளி, உதட்டில் கோடு, பல் வரிசை எல்லாம் கச்சிதம்.

அக்கா குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. யாரு இது?"

அந்தக் கண் டிரைவருடைய கண் இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது. உலகத்தில் இருக்கிற ஆயிரம் கண்களைப் பார்த்துப் பழகிய ஒரு யந்திரம், இப்படித்தான் இருக்கும் என்று போட்டுக் கொடுத்த கண் அது.

"யாருக்கும் தெரியாதுக்கா" என்றான் ஈனஸ்வரத்தில். "போன்ல பாத்துட்டு எல்லாரும் சந்தோஷமாத்தான் இருக்காங்க."

"அவர் பொண்டாட்டிக்குத் தெரியும்" என்றாள் அக்கா. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "கெளம்பு."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. படம் கெட்டுப்போச்சுன்னு சொல்லணும்ல?"

"முதல்ல ஒரு போன் பண்ணிடலாமே?"

"கெட்டுப்போனதைப் போன்ல சொல்லக் கூடாது. அவங்க மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லணும்."

பறவைப் படம் கெட்டுப்போனால் தம்பி அழித்துவிடுவான். அதோடு சரி, பறவை வந்து ஏன் என்று கேட்காது. அன்று ஆஸ்பத்திரிப் படியில் அக்காவுக்குப் பின்னால் ஏறும்போது அவனுக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அக்கா திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டிருந்தாள்.

டிரைவர் கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். மனைவி மட்டும் பக்கத்தில் இருந்தார். தம்பியைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "வாங்க தம்பி. படம் அவ்ளோ நல்லா வந்திருக்கு."

அக்கா நேராகச் சொல்லிவிட்டாள். "இல்லம்மா. குழந்தை நல்லா வந்திருக்கா. உங்க வீட்டுக்காரர் மூஞ்சி மங்கலா போயிடுச்சு. பெருசு பண்ண முடியாது. என் கடைப் படம். தப்பு என்னோடது."

அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "போன்ல நல்லா இருந்துச்சே?" என்றார். போனை எடுத்தார். விரலால் கணவரின் முகத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். அந்த அம்மாவின் முகம் போன போக்கை, அக்கா ஒரு காலத்தில் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்த அதே போக்கை, தம்பி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தான்.

"வெளையாட்டுக்குப் படம் எடுக்கறவரா இருந்தா குருவியையே எடுத்துட்டுப் போகவேண்டியதுதானே" என்றார் அந்த அம்மா. குரல் உயரவேயில்லை. "நாளைக்குக் காலைல கத்தி வைக்கறாங்க. உங்களுக்கு வெளையாட எங்க வீடுதான் கெடச்சுதா?"

"நான்தான்மா அனுப்பினேன்" என்றாள் அக்கா மறுபடியும். சாக்குச் சொல்லவில்லை, தம்பி மேல் பழியைப் போடவுமில்லை. "இப்ப எடுக்கறேன். அதுக்குத்தான் வந்தேன்."

"வேணாம்" என்றது சுவர்ப்பக்கமிருந்து டிரைவரின் குரல். "ஒரு படத்துக்கு எதுக்கு இவ்ளோ கூத்து? போங்கம்மா."

அக்கா போகவில்லை. முதலில் நர்ஸிடம் போனாள். வார்டுக்குள் கேமரா கூடாது என்று நர்ஸ் கறாராகச் சொன்னார். "வார்டுக்குள்ள வேணாம் சிஸ்டர். அந்த நடை முடியற இடத்துல ஒரு ஜன்னல் இருக்கு. வேற யாரும் படத்துல வரமாட்டாங்க. நீங்களே கூட நின்னு பாத்துக்கங்க" என்றாள். நர்ஸ் ஒரு நிமிஷம் யோசித்து, "டாக்டர் வர்றதுக்குள்ள" என்றார். அக்கா அவரிடமே துவைத்த வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றையும் கேட்டு வாங்கித் தம்பியின் கையில் திணித்தாள். வார்டுக்குள் நுழைந்தபோதே அவள் ஜன்னலையும் பார்த்து, விரிப்பு அடுக்கிய வண்டியையும் பார்த்து வைத்திருக்கிறாள். அவனோ தரையைப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான்.

திரும்பி வந்து, கேமராவைப் பையிலிருந்து எடுக்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டிரைவரிடம் பேசவில்லை. அவர் மனைவியிடம் கேட்டாள்.

"அம்மா, இவரு எப்பம்மா நல்லா சிரிப்பார்?"

அந்த அம்மா கோபத்தில்தான் இருந்தார். ஆனாலும் கேள்வி அப்படி. "ரோட்ல எவனாவது கோணல்மாணலா வண்டி ஓட்டினா போதும். அவனைத் திட்டிக்கிட்டே சிரிப்பார். நாப்பது பேரு பஸ்ல இருந்தாலும் கவலப்பட மாட்டார்."

"பின்ன என்ன?" என்றார் டிரைவர், சுவரைப் பார்த்தபடியே. "ரோட்ல ஒருத்தனுக்காவது ஒழுங்கா ஓட்டத் தெரியுதா?"

"அதைச் சொல்லுங்க" என்றாள் அக்கா. "படுத்துக்கிட்டே திட்டினா நல்லாவா இருக்கும்? அந்த ஜன்னல்ல ரோடு தெரியுது. வாங்க, நின்னு திட்டலாம்."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். முதுகு வலிக்கிறது, கொஞ்சம் நடந்தால் தேவலை என்று யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்தார்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, எதிர்ப்பக்கம் தம்பியை விரிப்போடு நிறுத்தினாள். வெளிச்சம் துணியில் பட்டுத் திரும்பி, கன்னத்தின் நிழலில் மெல்லப் பரவியது. வீங்கிய பக்கத்தைக் கொஞ்சம் இருட்டில் தள்ளிவிட்டால் படம் அற்புதமாக வருமே என்று தம்பிக்குப் பழக்க தோஷத்தில் தோன்றியது. விரிப்பைச் சற்றே இறக்கினான். "தூக்குடா" என்றாள் அக்கா, திரும்பாமலே. "அவர் மூஞ்சி முழுசா வேணும். பாதி இல்ல." டிரைவரின் கை மறுபடியும் கன்னத்துக்குப் போயிருந்தது. முகம் இறுகிக் கிடந்தது.

அப்போதுதான் அக்கா ஆரம்பித்தாள்.

"இதோ நிக்கறானே, என் தம்பி. ரோடு போடற எஞ்சினியர். இவன் வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட கதை தெரியுமா உங்களுக்கு? ரிவர்ஸ் கியரப் போட்டுட்டு முன்னாடி பாத்துக்கிட்டே வந்தான். பின்னாடி வீட்டு கேட்டு. அப்படியே பேத்துட்டான். கேட்டு கீழ கெடக்கு. எறங்கி என்ன பண்ணான் தெரியுமா? கேட்டைத் தூக்கல. கேமராவ எடுத்துட்டு வந்து கேட்டைப் படம் எடுத்தான். வெளிச்சம் நல்லா இருந்துச்சாம்!"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பிக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. கேட்டில் வண்டி லேசாக உரசியது உண்மை. கேட்டு விழவே இல்லை. படம் எடுத்தது சுத்தப் பொய். செய்த தப்புக்கு வந்து நின்று, வாங்க வேண்டிய பேச்சையெல்லாம் வாங்கியாகிவிட்டது. இதில் வெளி ஆட்களுக்கு முன்னால் இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி மானத்தை வாங்க வேண்டுமா? 'அது நடக்கவே இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தான்.

திறந்த வாயோடு டிரைவரைப் பார்த்தான். அவருடைய இடது கடைவாயில் ஏதோ ஒன்று அசைந்திருந்தது. கன்னத்தில் இருந்த கை ஓர் அங்குலம் இறங்கியிருந்தது.

"மூணு படம் எடுத்தேங்க" என்றான் தம்பி. "முன்னாடி இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ரெண்டு."

டிரைவர் அவன் பக்கம் திரும்பினார். "கேட்டையா?"

"ஆமாங்க."

"படத்துல எப்படி வந்துச்சு?"

தம்பி விரிப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். "கேட்டு நல்லா தெளிவா வந்துச்சுங்க. பின்னாடி வீடுதான் மங்கலாயிடுச்சு."

டிரைவர் சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு வாய் முழுக்கத் திறந்து, கண் இடுங்கித் தண்ணீர் வந்து, "யோவ், உனக்கு யாருய்யா லைசன்ஸ் குடுத்தது?" என்று கையை நீட்டித் தம்பியைக் காட்டிச் சிரித்தார். அந்தக் கை கன்னத்தை விட்டு எப்போது போனது என்று அவருக்கே தெரிந்திருக்காது. பக்கத்தில் நின்ற அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். அக்காவின் பழைய கேமரா டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அக்கா, "முடிஞ்சது" என்று சொல்லவில்லை. இருங்க என்று கையைக் காட்டிவிட்டு, திரையில் முகத்தைப் பெரிதாக்கினாள். வலது கண், இடது கண், பல், வீங்கிய கன்னம், அதில் விழுந்திருந்த குழி. அவசரமே இல்லாமல் பார்த்தாள். கேமராவுக்குள் இருந்த இரண்டு மெமரி கார்டிலும் படம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம்தான் அந்த அம்மாவிடம் நீட்டினாள். அவர் பார்த்தார். "இவர்தான்" என்றார்.

கீழே இறங்கும்போது பாதிப் படியில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க வரவில்லை. தம்பி வாங்கித் திறந்து கொடுத்தான். ஒரு பெரிய ஆளைப் போல அவளை அவன் எப்போதும் நினைத்துவந்திருக்கிறான். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவள் பயந்துபோன ஒரு பெண்ணாகத் தெரிந்தாள்.

"உனக்குக்கூடப் பயமாக்கா?"

"பின்ன? அவர் சிரிக்கலேன்னா நான் என்னடா பண்ணியிருப்பேன்?" தண்ணீரைக் குடித்தாள். "தெனமும் பயம்தான். பள்ளிக்கூடத்துப் பசங்கள எடுக்கும்போதும் பயம்தான். பயம் இல்லாம எடுக்கணும்னா கொக்கை எடுக்கணும்."

தம்பிக்கு, இவள் என் அக்கா என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தது. டிரைவர் வீட்டுக்கு வந்து, குழாய் எல்லாம் எடுத்து, எழுந்து உட்காரப் பல வாரங்கள் ஆயின. பெரிதாகப் போட்டு முடித்த படம் ஸ்டூடியோவிலேயே காத்திருந்தது. இப்போது கொடுத்தால் மனசு நோகுமோ என்று அந்த அம்மா தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் டிரைவரே கேட்டு அனுப்பினார்.

இரண்டு பேரும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதே கூடம். டிரைவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகத்தின் வலது பாதி உள்ளே ஒடுங்கியிருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது, தையல் காதுவரை போயிருந்தது. பேச்சு குழறியது, அந்த அம்மாவுக்குத்தான் புரியும். தம்பி கண்ணை வேறு பக்கம் திருப்பப் போனான். திருப்பவில்லை.

காகிதத்தைப் பிரித்துப் படத்தை அவர் மடியில் வைத்தார்கள். அவர் பார்த்தார். வாய் நிறையச் சிரிக்கிற அந்த நெட்டை மனிதரை வெகுநேரம் பார்த்தார். அந்த அம்மா கலங்கிய கண்ணோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பேத்தி மட்டும் கட்டில் விளிம்பில் ஏறி, "தாத்தா" என்று படத்தைத் தொட்டாள். அப்புறம் அவர் முகத்தைத் தொட்டு, "இதுவும் தாத்தா" என்றாள்.

டிரைவர் தலையை ஆட்டினார். படத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அக்காவை நோக்கி அல்ல. தம்பியின் தோளில் தொங்கிய கேமராவைக் காட்டினார். பிறகு தன் முகத்தைக் காட்டினார். குழறலாக ஏதோ சொன்னார்.

தம்பிக்குப் புரியவில்லை. "அக்கா எடுப்பாங்க" என்றான் அவசரமாக. டிரைவர் இல்லை என்று விரலை ஆட்டினார். மறுபடி அவனையே காட்டினார். இன்னும் ஏதோ சொன்னார், கொஞ்சம் நீளமாக. அந்த அம்மா குனிந்து காதைக் கொடுத்தார். கேட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"என்னம்மா சொல்றார்?"

"நீங்கதான் எடுக்கணுமாம் தம்பி" என்றார் அந்த அம்மா. "இந்தத் தடவ அவர் முன்னாடியே உக்காந்துக்கறாராம்."